இரவு எங்கே தங்குவது?
தீவகத்துக்கு முதல் தடவை செல்லும் சகோதரிகளுக்கு

பயணம் என்றால் எங்களிற் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது இடம்பெயர்வுதான். 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவகத்தை விட்டு வள்ளம் ஏறியவர்கள் எங்கள் மத்தியில் இருக்கிறார்கள். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தவர்கள் இருக்கிறார்கள். 2009இல் முள்ளிவாய்க்காலிலிருந்து வந்து, செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தறப்பாளின் கீழ் மாதக்கணக்கில் கிடந்தவர்களும் இருக்கிறார்கள். பாடசாலை வகுப்பறை, கோயில் மண்டபம், மரநிழல், கூடாரம் என எத்தனையோ இடங்களில் இரவுகளைக் கழித்தோம். "உனக்கு எங்கே படுக்க விருப்பம்?" என்று எங்களை ஒருவரும் கேட்டதில்லை. இடம் கிடைத்த இடத்தில் பாயை விரித்தோம்.

இன்று அதே பெண்கள் வேறு காரணங்களுக்காகப் பயணம் போகத் தொடங்கியிருக்கிறார்கள். நயினாதீவு அம்மனுக்கு வைத்த நேர்த்தியை நிறைவேற்றப் போகிறார்கள். சுயஉதவிக் குழுவாகச் சேர்ந்து காசு சேமித்து, பிள்ளைகளுக்குக் கடலும் கோட்டையும் காட்டப் போகிறார்கள். முப்பது வருடங்களுக்கு முன் விட்டுவந்த காணியைப் பார்க்கப் போகிறவர்களும் உண்டு. போவதற்குப் பஸ் இருக்கிறது, படகு இருக்கிறது. ஆனால் "இரவு எங்கே தங்குவது?" என்ற ஒரே கேள்வியில் பல பயணங்கள் நின்றுவிடுகின்றன. கணவனை இழந்தவர்களுக்கும் தனித்து வாழ்பவர்களுக்கும் அந்தக் கேள்வி இன்னும் பாரமானது. ஆகையால் தீவகத்துக்கு முதல் தடவை செல்லும் ஒரு பெண், தங்கும் இடத்தை எப்படித் தெரிவு செய்யலாம் என்பதை இங்கே பார்ப்போம்.

பாதையும் கடலும்

தீவகம் என்று நாம் சொல்வது ஒரே மாதிரியான இடமல்ல. யாழ்ப்பாணம் பண்ணைப் பாலத்தால் போனால் மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை என்று தரைவழியாகவே செல்லலாம். ஊர்காவற்றுறையும் வேலணையும் ஒரே தீவில்தான் இருக்கின்றன. அங்கிருந்து வாணர் பாலத்தைக் கடந்தால் புங்குடுதீவு. அதன் மறுகரையில் குறிகட்டுவான் இறங்குதுறை. யாழ்ப்பாணப் பஸ் நிலையத்திலிருந்து 776ஆம் இலக்கப் பஸ் குறிகட்டுவானுக்குப் போகிறது. தூரம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர்.

குறிகட்டுவானோடு தரை முடிகிறது. நயினாதீவுக்குப் படகில் கால் மணித்தியாலம் அளவில் போய்விடலாம். பகலில் அடிக்கடி படகு உண்டு. நெடுந்தீவு அப்படியல்ல. ஏறத்தாழ ஒரு மணித்தியாலக் கடற்பயணம். ஒரு நாளில் சில சேவைகளே உண்டு. கடைசிப் படகை விட்டவர் மறுநாள் காலைவரை தீவில்தான் இருக்க வேண்டும். அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் ஊர்காவற்றுறையிலிருந்து படகு ஏற வேண்டும். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் கடல் ஒடுங்கியிருப்பதால் அங்கே 'பாதை' ஓடுகிறது.

காற்றையும் கவனத்திற் கொள்ள வேண்டும். வைகாசி தொடக்கம் ஆவணி, புரட்டாதி வரை சோளகக் காற்று. அப்போது நெடுந்தீவுக் கடல் கொந்தளிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும். அந்த நாட்களில் படகுச் சேவை திடீரென நின்றுவிடக் கூடும். தை முடிந்து சித்திரை வரையுள்ள காலம் முதல் தடவை செல்பவர்களுக்கு நல்லது. எங்கே தங்குவது என்பதைத் தீர்மானிக்கும் முன் இந்தப் படகையும் காற்றையும் விசாரித்துவிட வேண்டும். ஒரு நாளில் போய்த் திரும்புவோம் என்று நெடுந்தீவுக்குப் புறப்படுபவர்கள்கூட, அங்கே தங்க நேர்ந்தால் எங்கே தங்குவது என்று தெரிந்துகொண்டு போவதே புத்தி.

வந்தவரைக் காப்பாற்றிய மண்

நயினாதீவில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆட்சி செய்த முதலாம் பராக்கிரமபாகு மன்னனுடையது அது. ஊர்காவற்றுறை அப்போது ஊராத்துறை எனப்பட்டது. பிற தேசத்தார் அந்தத் துறையில் வந்து தங்க வேண்டும் என்றும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்க வேண்டும் என்றும் அக்கல்வெட்டுக் கூறுகிறது. யானை, குதிரை ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கைத்தான் அரசு எடுக்கலாம், மிகுதி மூன்று பங்கும் உடையவருக்கே என்றும் அதில் எழுதப்பட்டுள்ளது. வணிகப் பொருள் ஏற்றிய கப்பலென்றால் சரிபாதி. கடலால் வந்து இறங்கிய அந்நியரை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு எண்ணூறு வருடங்களுக்கு முன்பே இந்தத் தீவகத்தில் சட்டம் இருந்திருக்கிறது.

மணிமேகலைக் காப்பியத்தில் வரும் மணிபல்லவம் நயினாதீவே என்று கருதுவோர் பலர். பசிப்பிணி தீர்க்கும் அமுதசுரபியை மணிமேகலை பெற்றது அங்கேதான். அந்தப் பெயரிலேயே இன்று நாகபூசணி அம்மன் கோயிலருகே அமுதசுரபி அன்னதான மடம் இயங்குகிறது. எந்த ஊர், என்ன சாதி என்று கேளாமல் வருபவர்களுக்குச் சோறிடுகிறார்கள்.

யாழ்ப்பாணத்து வீடுகளில் சங்கடப் படலை வைத்த காலம் ஒன்று இருந்தது. வழிப்போக்கர் ஒதுங்கி இருப்பதற்காகப் படலைக்குக் கூரை போட்டார்கள். பருத்தித்துறையில் தெருவுக்கு மேலேயே கூரை அமைத்த தெருமூடி மடம் இன்னும் நிற்கிறது. கர்ப்பிணியாக இறந்த பெண்ணின் நினைவாக வீதியோரத்தில் சுமைதாங்கிக் கல் நாட்டும் வழக்கமும் எங்களிடம் இருந்தது. அவள் இறக்கி வைக்காமற் போன சுமையை, வழியிற் போகும் இன்னொருவர் இறக்கி வைத்து ஆறட்டும் என்பது அதன் கருத்து.

யுத்தம் இந்த வழக்கத்தை உடைத்தது. வீட்டில் வெளியாள் ஒருவர் இரவு தங்கினால் கிராம அலுவலருக்கும் முகாமுக்கும் அறிவிக்க வேண்டிய நிலை பல ஊர்களில் வந்தது. விருந்தாளி என்றாலே பயம். சொந்தத் தங்கச்சி வந்தாலும் பொழுதுபட முன் அனுப்பி வைத்தார்கள். தீவகம் கடற்படையின் கட்டுப்பாட்டில் இருந்த ஆண்டுகளில், போய்வருவதே அனுமதியோடுதான் நடந்தது. திண்ணையில் வந்தவருக்குப் பாய் போட்ட சனம், கதவைப் பூட்டிவைத்து வாழப் பழகியது. இன்றும் தெரியாதவருக்கு இடம் கொடுக்கச் சிலர் தயங்குவதற்கும், தெரியாத இடத்தில் தங்க நாங்கள் தயங்குவதற்கும் இந்தப் பழக்கமே பெரிய காரணம் என்று கூறலாம்.

எங்கெங்கே தங்கலாம்?

முதல் தடவை வருபவர்களுக்கு நான் கூறும் ஆலோசனை, முதல் இரவை யாழ்ப்பாண நகரத்தில் கழியுங்கள் என்பதாகும். 2014 ஒக்ரோபரில் யாழ். புகையிரத நிலையம் மீண்டும் திறக்கப்பட்ட பின்னர் தூர இடங்களிலிருந்து வருவது இலகுவாகியுள்ளது. வைத்தியசாலை, மருந்துக்கடை, பஸ் நிலையம் எல்லாம் கிட்ட இருக்கின்றன. ஒரு இடம் பிடிக்காவிட்டால் வேறு இடத்துக்கு மாறலாம். தீவில் அந்த வசதி குறைவு. நகரத்திலே லொட்ஜ்களை விட, நல்லூர், கந்தர்மடம் போன்ற குடியிருப்புப் பகுதிகளில் குடும்பத்தோடு இருப்பவர்கள் வாடகைக்கு விடும் அறைகள் பெண்களுக்கு அதிகம் பொருத்தமானவை. நல்லூர்க் கந்தன் திருவிழா நடக்கும் 25 நாட்களிலும் அறை கிடைப்பது கடினம், வாடகையும் கூடும்.

நயினாதீவில் தங்க விரும்பினால் கோயிலைச் சார்ந்த மடங்கள் பற்றி முதலிலேயே விசாரியுங்கள். ஆனி மாத மகோற்சவ காலத்தில் அடியார்கள் அங்கே இரவு தங்குவது வழமை. தனி அறையை எதிர்பார்க்க முடியாது. பாய், போர்வை, சவர்க்காரம், குளிக்கும்போது உடுக்க ஒரு மாற்றுச் சீலை ஆகியவற்றைக் கொண்டு போக வேண்டும். பலர் கூடிப் படுக்கும் மண்டபம் சிலருக்கு அகதி வாழ்க்கையை ஞாபகப்படுத்தும். அப்படியானவர்கள் காலையில் போய்ப் பூசை பார்த்து மாலையில் திரும்புவதில் குறையொன்றும் இல்லை. போயா நாட்களில் நாகதீப விகாரைக்குத் தென்பகுதி யாத்திரிகர்கள் பெருமளவில் வருவதால் படகில் நெருக்கம் இருக்கும் என்பதையும் ஞாபகத்தில் வைத்திருங்கள்.

நெடுந்தீவில் சில சிறிய விருந்தினர் விடுதிகளும், வீட்டோடு சேர்ந்த அறைகளும் உண்டு. பவளக்கல் அடுக்கிய மதில்கள், ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடு, பெருக்கு மரம், காட்டுக் குதிரைகள் என்று ஆறுதலாகப் பார்க்க அங்கே நிறைய இருக்கிறது. பகல் வெயிலில் ஓடியோடிப் பார்ப்பவருக்குக் களைப்புத்தான் மிஞ்சும். இரவு தங்குபவருக்கே, கடைசிப் படகு போன பிறகு அந்தத் தீவில் வரும் அமைதி கிடைக்கும். நல்ல தண்ணீர் அங்கே அருமையான பொருள். ஆகையால் குடிதண்ணீர், குளிக்கும் தண்ணீர் இரண்டையும் பற்றிக் கேட்டுவிட்டே அறையை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நெடுந்தீவுப் படகைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குச் சென்ற குமுதினிப் படகில் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பெண்களும் அவர்களுள் இருந்தனர். ஒவ்வொரு வருடமும் மாவிலித்துறையில் அவர்களை நினைவுகூருகிறார்கள். உங்களோடு வருபவருக்கு அந்தப் படகில் போன உறவு இருந்திருக்கலாம். படகில் ஏறத் தயங்குபவரைக் கேலி செய்யாதீர்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

ஊர்காவற்றுறையைப் பொறுத்தவரை, அது பாலத்தால் போகும் இடமாதலால் யாழ்ப்பாணத்தில் தங்கிக்கொண்டே போய்வரலாம். பழைய தேவாலயங்களையும் துறைமுகத்தையும் பார்த்து, வரும் வழியில் சாட்டி சிந்தாத்திரை மாதா தேவாலயத்தையும் தரிசிக்கலாம். கடற்பயணிகளின் காவலாக வணங்கப்படும் மாதா அவர். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுக்கடலில் தெரிவது கடற்கோட்டை. போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் கைக்குப் போன கோட்டை அது. இப்போது கடற்படை அதனைச் சேர்த்து விடுதி நடத்துகிறது. அழகான இடம், காவலும் உண்டு. ஆனால் சீருடை கண்டால் நெஞ்சு படபடக்கும் பெண்கள் எங்கள் மத்தியில் இருக்கிறார்கள். அதிலே தங்குவதும் தங்காததும் அவரவர் விருப்பம். "எல்லோரும் போகிறார்கள், உனக்கென்ன?" என்று ஒருவரையும் வற்புறுத்தக் கூடாது. தங்கியவரைத் தூற்றவும் கூடாது.

பதினொரு பெண்களின் பயணம்

கிளிநொச்சி மாவட்டக் கிராமமொன்றின் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த 11 பெண்கள் நயினாதீவுக்குப் புறப்பட்டபோது நானும் கூடப் போயிருந்தேன். பெரும்பாலானோர் குடும்பத் தலைமை தாங்கும் பெண்கள். மாலையில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்து, நகரத்து விடுதி ஒன்றில் அறை கேட்டோம். அங்கிருந்தவர் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆம்பிளையள் ஒருத்தரும் வரேல்லையோ? பொம்பிளையளுக்கு மட்டும் நாங்கள் அறை குடுக்கிறேல்லை" என்றார்.

எங்கள் குழுவில் மூத்தவர் அறுபது வயதைத் தாண்டியவர். "தம்பி, எங்கட ஆம்பிளையள் இருந்தா நாங்கள் ஏன் தனிய வாறம்?" என்று கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை. நாங்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம்.

ஆண் துணை இல்லாத பெண்ணைச் சந்தேகத்தோடு நோக்கும் மனப்பாங்கு எங்கள் சமூகத்தில் யுத்தத்துக்கு முன்னரும் இருந்தது. ஆனால் யுத்தம் இத்தனை ஆயிரம் பெண்களைத் தனித்து விட்ட பின்னரும் அந்த மனப்பாங்கு மாறாதிருப்பது, காயப்பட்டவரையே குற்றவாளியாக்குவதற்குச் சமம்.

அன்று நல்லூருக்குக் கிட்ட ஒரு வீட்டில் இடம் கிடைத்தது. ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் தன் பிள்ளைகள் வெளிநாடு போன பின் வெறுமையாகக் கிடந்த மூன்று அறைகளை வாடகைக்கு விடுகிறார். "வாங்கோ பிள்ளையள்" என்று சொன்னவர், தேத்தண்ணிக்கு முன்னம் எங்களுக்குக் காட்டியது கதவின் திறாங்கை. உள்ளுக்குள் எப்படிப் போடுவது, மலசலகூடத்துக்கு எந்தப் பக்கத்தால் போவது, இரவு ஏதும் தேவை என்றால் தன் அறையை எப்படித் தட்டுவது என்று எல்லாம் சொன்னார். "ரீச்சர், எனக்கு இருட்டிலை படுக்க ஏலாது" என்று ஒரு தங்கை மெதுவாகச் சொன்னபோது, ஏன் என்று அவர் கேட்கவில்லை. விறாந்தை லைற் விடியும்வரை எரிந்தது.

மறுநாள் குறிகட்டுவானில் ஒரு அக்கா படகில் ஏற மாட்டேன் என்று நின்றுவிட்டார். அவர் கடைசியாகக் கடலில் போனது 2009இல், புதுமாத்தளனிலிருந்து காயப்பட்டவர்களை ஏற்றிய செஞ்சிலுவைக் கப்பலில். மடியில் அவருடைய மகள் இருந்தாள். நாங்கள் இரண்டு படகுகளைப் போக விட்டோம். மூன்றாவது படகில் அவராகவே ஏறி, உயிர்காப்பு அங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடுவில் இருந்தார். நயினாதீவில் மத்தியானம் மடத்தில் சாப்பிட்ட பிறகு, அன்றே திரும்புவதா, தங்குவதா என்று எல்லோரும் கூடிப் பேசினோம். தங்குவோம் என்று முதலில் சொன்னவர் அந்த அக்காதான். "விடியப் பூசை பாத்திட்டுப் போவம்" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்ன காரணம்.

அறையை ஒப்புக்கொள்ள முன்

வாடகை எவ்வளவு என்பது முக்கியமான கேள்விதான். ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டியவை சில உண்டு. இவற்றைத் தொலைபேசியில் முதலிலேயே கேட்கலாம். முடிந்தால் அந்த வீட்டுப் பெண் ஒருவரோடு பேசுங்கள். கைத்தொலைபேசியில் வரும் படங்கள் கட்டிலைக் காட்டும், பக்கத்து அறையில் யார் இருக்கிறார்கள் என்பதைக் காட்டாது.

முதலாவது, கதவுக்கு உள்ளே திறாங்கு இருக்கிறதா? யன்னல் பூட்டுப்படுமா? இரண்டாவது, மலசலகூடம் அறைக்குள்ளா, வெளியிலா? வெளியில் என்றால் வழியில் வெளிச்சம் உண்டா? மூன்றாவது, இரவில் அந்த இடத்தில் பெண் ஒருவர் இருப்பாரா? நான்காவது, மற்ற அறைகளில் மதுபான விருந்துகள் நடப்பதுண்டா? ஐந்தாவது, பஸ் இறங்கும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம், அந்தப் பாதையில் வீடுகள் இருக்கின்றனவா?

கடைசிக் கேள்வியை அலட்சியம் செய்ய வேண்டாம். தீவகத்தில் ஆட்கள் வெளிநாடு போய்ப் பாழடைந்த வீடுகளும் பற்றை மூடிய காணிகளும் அதிகம். 2015 மே மாதம் புங்குடுதீவில் பாடசாலைக்குச் சென்ற மாணவி ஒருத்தி வழியில் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டதை நாம் மறக்கவில்லை. 2017 செப்டெம்பரில் அவ்வழக்கில் ஏழு பேருக்கு மரண தண்டனை தீர்ப்பளிக்கப்பட்டது. அதற்காகப் பெண்கள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதில்லை. பொழுதுபட முன் தங்குமிடத்தை அடையும்படி பயணத்தை ஒழுங்கு செய்யுங்கள். எங்கே தங்குகிறீர்கள் என்பதை வீட்டில் ஒருவருக்கும் குழுவில் ஒருவருக்கும் சொல்லி வையுங்கள். தேசிய அடையாள அட்டை கையில் இருக்கட்டும். அவசரத்துக்குப் பொலிஸ் 119, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. படகு நேரங்களை முதல்நாளே கேட்டு எழுதி வையுங்கள்.

இடம் மனதுக்குப் பிடிக்கவில்லை என்றால், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, "வேண்டாம்" என்று சொல்லுங்கள். முற்பணம் கொடுத்துவிட்டோமே என்று பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்த உரிமை எங்களுக்கு உண்டு.

கதவைத் திறப்பவர்களுக்கும்

இந்தப் பக்கத்தைத் தீவகத்தில் வாழும் சகோதரிகளும் வாசிப்பீர்கள். உங்கள் வீட்டில் ஒரு அறை சும்மா கிடக்கலாம். பெண்களும் குடும்பங்களும் தங்க அதனை வாடகைக்கு விடுவது ஒரு நல்ல வாழ்வாதாரமாக அமையலாம். வீட்டுத் தங்கலைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு செய்யும் முறை உண்டு. உங்கள் பிரதேச செயலகத்திலுள்ள மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் முதலில் பேசிப் பாருங்கள். பெரிய செலவு தேவையில்லை. சுத்தமான பாய், தலையணை, உறுதியான திறாங்கு, வெளிச்சமான மலசலகூடம், ஒடியற்கூழோ புட்டோ ஒரு நேரச் சாப்பாடு, இவை போதும். உங்கள் பாதுகாப்பையும் பாருங்கள். வருபவரின் அடையாள அட்டை இலக்கத்தை எழுதி வையுங்கள். யாருக்கு இடம் கொடுப்பது என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

வன்னியிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மன்னாரிலிருந்தும் பெண்கள் வருவார்கள். பிள்ளையைத் தேடிக் களைத்தவர்களும், நிலத்துக்காகப் போராடிக் களைத்தவர்களும் அவர்களில் இருப்பார்கள். ஒரு இரவு கவலையின்றிப் படுத்து எழும்ப ஒரு இடம் கிடைத்தால், அடுத்த நாள் கடலைப் பார்க்க அவர்களுக்கு மனம் வரும். நீங்களும் ஒரு நாள் அவர்களுடைய ஊருக்குப் போவீர்கள்.

அடுத்த பங்குனிக்கு எங்கள் குழுக்களில் ஒன்று நெடுந்தீவுக்குப் போவதாகத் தீர்மானித்திருக்கிறது. உங்கள் குழுவும் கூடிப் பேசுங்கள். போகும் நாளைக் குறிக்கும்போதே, தங்கும் இடத்தையும் எல்லோரும் சேர்ந்து தெரிவு செய்யுங்கள்.